மாத்திரை ஒன்று, ஆள் ஒன்று, ரிப்போர்ட் மட்டும் மூன்று விதம்: தைராய்டு டெஸ்ட்டை எப்படி நம்புவது?

தோவாளைப்பூ | ஜூன் 13, இரவு 9:42

வணக்கம் மக்களே. எனக்கு 43 வயது. ஆறு வருஷமாக தைராய்டு குறைவுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். 75 மைக்ரோகிராமிலேயே வண்டி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது, டிஎஸ்எச் (தைராய்டு ஹார்மோன் குறைந்தால் ஏறும், கூடினால் இறங்கும் நம்பர்) இரண்டு, இரண்டரை என்றுதான் வரும். இந்த வருஷம்தான் குழப்பம்.

பிப்ரவரியில் பக்கத்து லேபில் பார்த்தபோது 9.2. டாக்டர் 100 ஆக்கினார். இருபது நாள் கழித்து ஊரில் மெடிக்கல் கேம்ப் போட்டார்கள், சும்மா ரத்தம் கொடுத்துப் பார்த்தேன், 6.8. அங்கே இருந்த டாக்டர் 125 எழுதிவிட்டார். போன வாரம் நாகர்கோவிலில் பெரிய லேபில் கொடுத்தேன். டிஎஸ்எச் 0.06, ஃப்ரீ டி4 (ரத்தத்தில் ஓடுகிற தைராய்டு ஹார்மோன்) 3.1. இரண்டும் எல்லைக்கு வெளியே என்று தடித்த எழுத்தில் இருந்தன. என் பழைய டாக்டர் பார்த்துவிட்டு, "மருந்து ஓவராயிட்டு, திரும்ப 75 போடு" என்கிறார்.

மருந்து அதிகமானால் படபடப்பு வரும், வியர்க்கும், ஆள் மெலிவார்கள் என்றுதானே சொல்வார்கள்? எனக்கு நேர் எதிர். மூன்று கிலோ கூடியிருக்கிறது. பூ கட்ட உட்கார்ந்தால் கண் சொக்குகிறது. மலச்சிக்கல். எல்லாரும் ஃபேனைக் கூட்டி வைக்கும்போது நான் போர்வை தேடுகிறேன். எந்தத் தாளை நம்புவது? 75க்குப் போகட்டுமா?

கட்டன்சாயா | ஜூன் 13, இரவு 10:05

எனக்கும் இதே கதைதான் அக்கா. அருமனைப் பக்கம் ரப்பர் வெட்டு. ஒரு தடவை 3, ஒரு தடவை 7. யாராவது விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நானும் கேட்டுக்கொள்கிறேன்.

முட்டம்காற்று | ஜூன் 13, இரவு 10:31

இதில் என்ன விவரம் வேண்டியிருக்கிறது? லேபெல்லாம் கொள்ளை. ஒரே நாளில் ஒரே கையில் இரண்டு லேபுக்கு ரத்தம் கொடுத்தேன், ஒன்றில் 2.9, இன்னொன்றில் 3.6. இதைப் பார்த்த அன்றே மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டு வைத்தியரிடம் கஷாயம் வாங்கலாமா என்று நினைத்தேன்.

பழைய லேப்காரன் | ஜூன் 14, காலை 5:50

முப்பது வருஷம் ரத்தம் எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். டாக்டர் இல்லை, டோஸ் சொல்ல மாட்டேன்.

முட்டம்காற்று தம்பி, உங்கள் 2.9-உம் 3.6-உம் ஒரே ரிசல்ட்தான். ஒவ்வொரு லேபிலும் மெஷின் வேறு, கிட் வேறு. மெஷினை விட்டுவிட்டால்கூட, டிஎஸ்எச் நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்கிற சாமான் இல்லை. நடுராத்திரிக்கு மேல் விடியும் வரை உச்சத்தில் இருக்கும், மதியத்துக்கு மேல் இறங்கிவிடும். ஒரே ஆளுக்கு 2-ம் 3-ம் மாறி மாறி வந்தால் அதில் பேச ஒன்றும் இல்லை. மாத்திரையைத் தூக்கிப் போடாதீர்கள். நினைத்ததோடு நிறுத்தினீர்களே, அது நல்லது.

ஆனால் தோவாளைப்பூ அக்காவுடைய கதை அப்படி இல்லை. 9.2-லிருந்து 0.06 என்பது லேபுக்கு லேப் வருகிற வித்தியாசம் இல்லை. ஏதோ நடந்திருக்கிறது. நாலு விஷயம் சொல்லுங்கள். மாத்திரை எத்தனை மணிக்கு, எதோடு? அதற்கப்புறம் எவ்வளவு நேரத்தில் சாயா? ரத்தம் கொடுத்த அன்று மாத்திரை போட்டுவிட்டுப் போனீர்களா, போடாமலா? வேறு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?

தோவாளைப்பூ | ஜூன் 14, மதியம் 1:15

மார்க்கெட் என்பதால் மூன்று மணிக்கே எழுந்துவிடுவேன். எழுந்ததும் மாத்திரை, தண்ணீரோடுதான். இருபது நிமிஷத்தில் பால் சாயா. ரத்தம் கொடுத்த அன்றும் மாத்திரை போட்டுவிட்டுத்தான் போனேன், ஏழு மணி வாக்கில் எடுத்தார்கள். வேறு மாத்திரை ஒன்றும் இல்லை. ஜனவரியில் ஹீமோகுளோபின் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள், அது மட்டும். ஒரே வேலையாக முடியட்டும் என்று காலையில் இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடுவேன்.

பழைய லேப்காரன் | ஜூன் 14, மாலை 6:20

பாதி கதை வெளியே வந்துவிட்டது.

இரும்பும் தைராக்சினும் (உங்கள் தைராய்டு மாத்திரைதான்) வயிற்றில் ஒன்றை ஒன்று கட்டிப் பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டால் ரத்தத்துக்குள் போகாது, வெளியேதான் போகும். கால்சியம் மாத்திரையும் இதே குணம். நாலு மணி நேர இடைவெளி வேண்டும். ஜனவரியில் இரும்பு ஆரம்பித்தீர்கள், பிப்ரவரியில் 9.2. நீங்கள் விழுங்கியது 75, உடம்புக்குக் கிடைத்தது அதில் எவ்வளவோ யார் கண்டார்கள். சாயாவுக்கும் இருபது நிமிஷம் போதாது. குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் வெறும் தண்ணீர் மட்டும்தான்.

அடுத்தது அந்தக் கேம்ப். டோஸை மாற்றி இருபது நாளில் டிஎஸ்எச் பார்ப்பது, அரிசி வேகும் முன் பானையை இறக்குவது மாதிரி. தைராக்சின் உடம்பில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் பிடிக்கும். புது டோஸ் ரத்தத்தில் ஒரு நிலைக்கு வந்து, மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி அதைக் கவனித்து டிஎஸ்எச்சைத் திருத்த ஆறு வாரம் வேண்டும். எட்டு வாரம் என்றால் இன்னும் நல்லது. அந்த 6.8, 9.2-லிருந்து இறங்கிக்கொண்டிருந்த நம்பர். அதை நின்றுபோன நம்பராக நினைத்து 125 எழுதியிருக்கிறார்கள்.

ரத்தம் கொடுக்கும் அன்று மாத்திரை போட்டுவிட்டுப் போனதால் ஃப்ரீ டி4 கொஞ்சம் ஏறித் தெரியும். போட்ட இரண்டு முதல் நாலு மணி நேரத்தில் அது உச்சத்துக்குப் போகும். நீங்கள் சரியாக அந்த நேரத்தில் கை நீட்டியிருக்கிறீர்கள். ஆனால் அது கொஞ்சம்தான் ஏறும், 3.1 வரை போகாது. டிஎஸ்எச் அதற்கெல்லாம் அசையவே அசையாது. ஆகவே 0.06 எனக்கு இன்னும் விளங்கவில்லை. இரும்பைச் சேர்த்துப் போட்டுக்கொண்டே மருந்து ஓவராவது எப்படி?

யோசித்துப் பாருங்கள், வேறு எதையாவது விழுங்குகிறீர்களா என்று.

மார்த்தாண்டம்தேன் | ஜூன் 14, இரவு 8:02

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். அம்மாவுக்கு 74 வயது, சுகரும் உண்டு. தைராய்டு டெஸ்ட்டுக்கு வெறும் வயிறு கட்டாயம் என்று லேபில் சொன்னதால் பத்தரை மணி வரை க்யூவில் நின்று மயக்கம் போட்டு விழப் பார்த்தார்கள். வெறும் வயிறு தேவையா சாரே?

பழைய லேப்காரன் | ஜூன் 14, இரவு 8:40

தைராய்டுக்குக் கட்டாயம் இல்லை. சாப்பிட்ட பிறகு டிஎஸ்எச் சற்றுக் குறைந்து தெரியும், அவ்வளவுதான். அதனால் ஒரு தடவை வெறும் வயிற்றில், ஒரு தடவை புட்டும் பயறும் தின்றுவிட்டு என்று மாற்றி மாற்றிப் போகக் கூடாது. எப்படிப் போனாலும் எப்போதும் அப்படியே போக வேண்டும். லேபுகள் வெறும் வயிறு கேட்பது சுகர், கொழுப்பு டெஸ்ட்டையும் சேர்த்து எடுக்கிறதால். அம்மாவை லேப் திறக்கும் நேரத்துக்கே கூட்டிப் போங்கள், மாத்திரை டப்பாவையும் ஒரு ஏத்தன் பழத்தையும் கையில் கொண்டு போங்கள். ஊசியை எடுத்ததும் மாத்திரை. அரை மணி கழித்துப் பழம். சுகர் மாத்திரையை எப்போது போடுவது என்று மட்டும் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, 74 வயதில் டிஎஸ்எச்சை ஒன்றுக்கும் இரண்டுக்கும் இறக்கப் பாடுபட வேண்டாம் என்பதுதான் டாக்டர்கள் சொல்வது. வயதானவர்களுக்குக் கொஞ்சம் கூடி இருப்பதே இயல்பு. மருந்து ஓவரானால் நெஞ்சுத் துடிப்பு தாளம் தப்பும், எலும்பு தேயும்.

கட்டன்சாயா | ஜூன் 14, இரவு 9:10

சாரே, என் கேள்வி. பாலில்தானே கால்சியம்? நான் குடிப்பது கட்டன், பால் விடாத சாயா. மூன்றரைக்கு மாத்திரையும் கட்டனும் சேர்த்துத்தான். மழைக்காலத்தில் வெட்டு கிடையாது, அப்போது ஏழு மணிக்கு எழுந்து மாத்திரை, எட்டரைக்குத்தான் சாயா.

பழைய லேப்காரன் | ஜூன் 14, இரவு 9:35

பேரைப் பார்த்தபோதே நினைத்தேன்.

கட்டனானாலும் காப்பியானாலும் மாத்திரையோடு வேண்டாம். பால் இல்லாத காப்பிகூட மருந்து உள்ளே போவதைக் குறைக்கும். உங்கள் 3-ம் 7-ம் எந்தெந்த மாதம் என்று பாருங்கள். 3 வந்தது மழை மாதத்திலும் 7 வந்தது வெட்டு மாதத்திலும் என்றால் எனக்கு ஆச்சரியம் இருக்காது.

கட்டன்சாயா | ஜூன் 14, இரவு 9:52

ஃபைலை எடுத்துப் பார்த்தேன். 3 ஆகஸ்ட், மழை மாதம். 7 டிசம்பர், வெட்டு மாதம்.

சும்மா சொல்லக்கூடாது சாரே.

வேளிமலைச்சாரல் | ஜூன் 15, காலை 11:20

குவைத்தில் நர்ஸாக இருக்கிறேன், சொந்த ஊர் தக்கலை பக்கம். கட்டன்சாயா அண்ணாவுக்கு ஒரு வழி சொல்லலாம். விடியக்காலையில் சாயா இல்லாமல் மரத்தடிக்குப் போக முடியாது என்றால், மாத்திரையை ராத்திரிக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்து, படுக்கப் போகும் முன். ஏழு மணிக்குச் சாப்பிடுகிற வீட்டில் பத்து மணிக்குப் போடலாம். காலை மாத்திரைக்கு எந்த விதத்திலும் குறைந்தது இல்லை. நடுவில் பால், பழம் என்று எதையும் கொறிக்கக் கூடாது, அது ஒன்றுதான் கஷ்டம்.

அப்புறம் கர்ப்பமாக இருக்கிற பெண்கள் யாராவது இதைப் படித்தால், மேலே சொன்ன ஆறு வாரக் கணக்கு உங்களுக்கு இல்லை. கர்ப்பம் தெரிந்த அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள், டோஸைக் கூட்ட வேண்டியிருக்கும். பாதிக் கர்ப்ப காலம் வரை நாலு வாரத்துக்கு ஒரு தடவையாவது பார்ப்பார்கள். அந்த நேரத்தில் லேப் டெஸ்ட் பாக்கேஜில் வருகிற டி3, டி4 ஹார்மோன்களின் மொத்த அளவைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். கர்ப்பத்தில் ஹார்மோனைச் சுமக்கிற புரதம் கூடும், அதனால் மொத்த டி4 தானாகவே ஏறும். கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் அப்படித்தான்.

முட்டம்காற்று | ஜூன் 15, மதியம் 12:08

எல்லாம் சரி. மரச்சீனிதான் (மரவள்ளிக் கிழங்கு) தைராய்டுக்குக் காரணம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். நம் ஊரில் மரச்சீனியும் மீனும் இல்லாமல் எப்படி? மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கதிர்வீச்சு மணலையும் சிலர் சொல்கிறார்கள்.

பழைய லேப்காரன் | ஜூன் 15, மாலை 5:30

மணலை இங்கே கொண்டுவராதீர்கள், அதற்குத் தனி இழை போட்டு அடித்துக்கொள்ளலாம். பெரும்பாலான தைராய்டு குறைபாட்டுக்குக் காரணம் நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே சுரப்பியைத் தாக்குவது. ஆன்டிபாடி டெஸ்ட்டில் தெரியும்.

மரச்சீனியில் சயனைடு தருகிற ஒரு பொருள் இருப்பது உண்மை. உடம்பில் அது மாறி, சுரப்பி அயோடினை எடுப்பதைத் தடுக்கும். அயோடினே கிடைக்காத மலைப் பிரதேசங்களில், அதையே மூன்று வேளையும் தின்கிறவர்களுக்கு அது பெரிய பிரச்சினை. நம் பெண்கள் வேக வைத்த தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத்தான் கிழங்கைக் கையில் எடுப்பார்கள், கூடவே மீன் கறி. போதாததற்கு, மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஹார்மோன் தயாராகவே உள்ளே போகிறது, சுரப்பி அயோடினை எடுத்து ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்துக்குள் தின்னாமல் இருந்தால் போதும்.

உங்கள் வீட்டில் மாத்திரை டப்பா எங்கே இருக்கிறது என்பதுதான் எனக்கு இதைவிடப் பெரிய கேள்வி. தைராக்சினுக்குச் சூடு, வெளிச்சம், ஈரம் மூன்றும் ஆகாது. கடற்கரை வீடுகளில் அடுப்பு மேடைக்கு மேல் அலமாரியில் வைத்திருப்பார்கள். நூறு மாத்திரை டப்பாவை மூன்று மாதம் அங்கே வைத்தால் கடைசி மாத்திரையில் என்ன மிச்சம் இருக்கும்? அதே டப்பாவில், இறுக்க மூடி, சூடு படாத அறையில் வையுங்கள். கடைக்காரர் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தால் தேதியைக் குறித்துக்கொண்டு டாக்டரிடம் சொல்லுங்கள். ஆறு வாரம் கழித்து ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

மார்த்தாண்டம்தேன் | ஜூன் 15, மாலை 6:11

அம்மா தினமும் காலையில் காஸ் மாத்திரையும் போடுவார்கள். அதுவும் தகராறா?

பழைய லேப்காரன் | ஜூன் 15, மாலை 6:45

ஒமிப்ரசோல், பாண்டோப்ரசோல் வகை என்றால் ஆமாம். தைராக்சின் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும், அந்த மாத்திரை அமிலத்தைக் குறைக்கும். டாக்டருக்குத் தெரிந்து தினமும் சாப்பிட்டால் அதற்கேற்ப தைராய்டு டோஸை வைப்பார். இரண்டு மாதம் சாப்பிட்டு, இரண்டு மாதம் விட்டு, நடுவில் ஒரு டெஸ்ட் என்றால்தான் நம்பர் ஆடும்.

தோவாளைப்பூ | ஜூன் 16, இரவு 9:30

சாரே, வேறு எதையாவது விழுங்குகிறீர்களா என்று கேட்டீர்களே. மாத்திரை என்று ஒன்றும் இல்லை. ஆனால் ஏப்ரலில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. துபாயில் இருக்கிற மைனி (அண்ணி) முடிக்கென்று ஒரு ஜெல்லி மிட்டாய் அனுப்பினார்கள், அதைத் தினமும் இரண்டு தின்கிறேன். அது மருந்து இல்லையே, மிட்டாய்தானே? என் மகளும் கேட்பாள், கொடுப்பதில்லை.

பழைய லேப்காரன் | ஜூன் 16, இரவு 9:34

டப்பாவில் பயோட்டின் என்று இருக்கிறதா? எவ்வளவு?

தோவாளைப்பூ | ஜூன் 16, இரவு 9:41

இருக்கிறது. இரண்டு மிட்டாய்க்கு 10,000 மைக்ரோகிராம்.

பழைய லேப்காரன் | ஜூன் 16, இரவு 10:15

கள்ளன் பிடிபட்டான்.

ஒரு நாளைக்கு ஒருவருக்குத் தேவையான பயோட்டின் 30 மைக்ரோகிராம். நீங்கள் 10,000 தின்கிறீர்கள். அது தைராய்டை ஒன்றும் செய்யாது. மெஷினைத்தான் ஏமாற்றும்.

நிறைய கம்பெனி கிட்டுகளில் ரத்தத்தில் இருக்கிற ஹார்மோனைப் பிடித்து ஒட்டவைக்க ஒரு ஜோடியைப் பயன்படுத்துவார்கள். ஒன்று பயோட்டின், இன்னொன்று அதை விடாமல் பிடிக்கிற ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதம். கொக்கியும் வளையமும் மாதிரி. ரத்தத்திலேயே பயோட்டின் நிறைந்து கிடந்தால் அது முந்திக்கொண்டு வளையத்தை எல்லாம் அடைத்துவிடும். கிட்டில் இருக்கிற கொக்கி மாட்ட இடம் இல்லாமல் கழுவும்போது போய்விடும். டிஎஸ்எச் டெஸ்ட்டில் எவ்வளவு ஒட்டியதோ அவ்வளவு நம்பர், ஆகவே பொய்யாகக் குறையும். ஃப்ரீ டி4 டெஸ்ட்டின் கணக்கு தலைகீழ், ஒட்டியது குறைந்தால் நம்பர் ஏறும். இரண்டும் சேர்ந்து வந்தால் எந்த டாக்டரும் மருந்து ஓவர் என்றுதான் படிப்பார். அவரைச் சொல்லிக் குற்றம் இல்லை, மிட்டாயைப் பற்றி அவரிடம் யார் சொன்னார்கள்?

அமெரிக்காவின் எஃப்டிஏ 2017-லேயே இதைப் பற்றி எச்சரிக்கை விட்டது. மாரடைப்புக்குப் பார்க்கிற ட்ரோபோனின் டெஸ்ட்டையும் இது பொய்யாகக் குறைத்துக் காட்டும் என்பதால் விஷயம் சின்னது இல்லை. எல்லா மெஷினும் ஏமாறாது, பயோட்டின் இல்லாத முறையும் உண்டு.

உங்கள் அளவுக்கு, டெஸ்ட்டுக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்னால் நிறுத்த வேண்டும் என்பார்கள். நான் எப்போதும் நாலைந்து நாள் என்று சொல்வேன், கிட்னி சரியில்லாதவர்களுக்கு இன்னும் கூடுதல். டோஸில் நீங்களாகக் கை வைக்காதீர்கள். அந்த டப்பாவை அப்படியே டாக்டரிடம் கொண்டு போய்க் காட்டுங்கள்.

முட்டம்காற்று | ஜூன் 16, இரவு 10:22

மிட்டாயா!!

தோவாளைப்பூ | ஜூன் 24, இரவு 8:50

டப்பாவைக் காட்டினேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இரண்டு தடவை படித்தார். மிட்டாயை நிறுத்தி ஐந்து நாள் கழித்து, அதே நாகர்கோவில் லேபில், காலை ஏழு மணிக்கு, மாத்திரை போடும் முன் கொடுத்தேன். டிஎஸ்எச் 7.4. ஃப்ரீ டி4 0.9, அதாவது கீழ்க் கோட்டில். என் உடம்பு சொன்னதுதான் சரி.

ஆனால் பாருங்கள், டாக்டர் இப்போதும் 75தான் சொல்கிறார்! இரும்பை ராத்திரிக்கு மாற்று, சாயாவை ஒரு மணி நேரம் தள்ளு, அப்புறம் 125 உனக்குத் தாங்காது என்கிறார். எட்டு வாரம் கழித்துப் பார்ப்போம் என்று தேதி எழுதிக் கொடுத்தார்.

பழைய லேப்காரன் | ஜூன் 25, காலை 5:45

நியாயம்தான். இரும்பு வரும் முன் ஆறு வருஷம் 75தானே போதுமாக இருந்தது. ஆனால் ஜூன் 13 அன்று நீங்கள் இரும்பையும் சாயாவையும் சேர்த்துக்கொண்டே 75க்குப் போயிருந்தால் ஒன்பதையும் தாண்டியிருக்கும். மிட்டாய் அதையும் மறைத்திருக்கும்.

நடுவில் ஒரு நாள் மாத்திரை மறந்தால் பதறாதீர்கள், நினைவு வந்ததும் போடுங்கள். டெஸ்ட் வருகிறதே என்று கடைசி நாலு நாள் மட்டும் ஒழுங்காகப் போடுகிற வேலை வேண்டாம். பரீட்சைக்கு முந்தின ராத்திரி படிக்கிற பிள்ளை மாதிரி ஃப்ரீ டி4 நன்றாக இருக்கும், டிஎஸ்எச் உயரத்தில் நின்று காட்டிக்கொடுத்துவிடும்.

கட்டன்சாயா | ஆகஸ்ட் 18, இரவு 9:05

ராத்திரி பத்து மணிக்கு மாற்றி ஏழு வாரம் ஆயிற்று. 2.6. மழை மாதம்தான், நம்ப மாட்டேன். டிசம்பரில் வந்து சொல்கிறேன்.

தோவாளைப்பூ | ஆகஸ்ட் 21, இரவு 10:12

ஓணத்துக்கான பூ வேலைக்கு நடுவே ஓடிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். அதே லேப், அதே ஏழு மணி, மாத்திரைக்கு முன். 2.8. போர்வையைப் பெட்டியில் வைத்தாயிற்று. முடி இன்னும் கொஞ்சம் கொட்டுகிறது, அது பைய நிற்கும் என்றார் டாக்டர்.

ஒரே சங்கடம், மைனி அடுத்த வாரம் ஊருக்கு வருகிறார்கள். புதிதாக மூன்று டப்பா வாங்கி வைத்திருக்கிறார்களாம். என்ன சொல்ல?

பழைய லேப்காரன் | ஆகஸ்ட் 22, காலை 5:40

அவர்களும் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று முதலில் கேளுங்கள்.

தோவாளைப்பூ | ஆகஸ்ட் 22, மதியம் 2:30

கேட்டேன். சாப்பிடுகிறார்கள். போன மாதம்தான் அங்கே டோஸைப் பாதியாகக் குறைத்தார்களாம்.